கம்பத்தில் போர்டோ என்றால் மருந்து

கேரள எல்லையை ஒட்டிய பள்ளத்தாக்கில் ஆண்டு முழுவதும் திராட்சை காய்க்கிறது. அது ஒயினாவது மட்டும் மலைக்கு அந்தப் பக்கம், அடுக்களைப் பரணிகளில்.

குமுளியில் கடைத்தெரு ஒன்றுதான், மாநிலம் இரண்டு. ஏலக்காய்க் கடை, நேந்திரம் சிப்ஸ் கடை, ஓட்டல் என்று நீளும் கேரளம் ஒரு சோதனைச் சாவடியில் முடிகிறது. அந்தப் பக்கம் தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகள் நிற்கின்றன. அங்கிருந்து சாலை மலையைச் சுற்றிச் சுற்றி இறங்குகிறது. மேலே சட்டையை ஈரமாக்கும் மூடுபனி. லோயர் கேம்ப்பை அடையும்போது கார்க் கண்ணாடியை இறக்கவைக்கும் வெயில். இன்னும் சில கிலோமீட்டரில் கூடலூர், அப்புறம் கம்பம். வழியெங்கும், உள்ளே ஒதுங்கிய சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ராயப்பன்பட்டி வரைக்கும், கல்தூண் நட்டுக் கம்பி இழுத்துக் கட்டிய திராட்சைப் பந்தல்கள்.

தேக்கடியில் படகேறி, யானை தென்படாத ஏமாற்றத்தோடு திரும்பும் கேரளக் குடும்பங்கள் பல இந்தப் பந்தல்களில் ஆறுதல் தேடுகின்றன. அவர்களுக்காகச் சாலையோரப் பலகைகள் மலையாளத்தில் இருக்கின்றன. அதில் 'முந்திரித் தோட்டம்' என்று எழுத்துக்கூட்டிப் படிக்கும் தமிழர், முந்திரி மரம் எங்கே என்று தேடக்கூடும். மலையாளத்தில் முந்திரி என்றால் திராட்சை. நம்முடைய முந்திரிக்கொட்டை அவர்களுக்குக் கசுவண்டி. இந்தக் குழப்பம் கட்டுரையின் பின்பகுதியில் இன்னொரு முறை வரும்.

பந்தலுக்குள் நுழைந்தால் பத்துப் பாகை குறைந்தது போலிருக்கிறது. சராசரி உயரம் உள்ளவர் நிமிர்ந்து நடக்கலாம். ஆறடிக்காரருக்கு நெற்றியில் குலை இடிக்கும். கறுப்பும் ஊதாவும் கலந்த, மேலே சாம்பல் பூத்த பழங்கள். படம் பிடித்துக்கொண்டு, ஒரு டம்ளர் சாறு குடித்து, ஜாம் பாட்டிலும் இரண்டு கிலோ பழமும் வாங்கிக்கொண்டு வண்டியேறுகிறார்கள். கிளம்பும் முன் யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார்: ஒயின் கிடைக்குமா? கிடைக்காது. தோட்டத்தில் ஒயின் வடிக்கவும் முடியாது, விற்கவும் முடியாது.

உலகத்துச் சிவப்பு ஒயின்களுக்கு இலக்கணம் வகுத்த ஊர் பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கும் போர்டோ. இந்தப் பள்ளத்தாக்கின் விவசாயிகளுக்கு அந்தப் பெயர் புதிதல்ல. தாத்தா காலத்திலிருந்து தெரியும். மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் 100 லிட்டர்: போர்டோ கலவை. இலையின் அடியில் வெள்ளையாகப் பூத்துக் கொடியையே காயவைக்கும் அடிச்சாம்பல் நோய்க்கு, இங்குள்ளவர்கள் வாயில் 'செவட்டை'க்கு, அதுதான் பழைய மருந்து.

மருந்து பிறந்த கதையும் ஒயின் தோட்டத்தில்தான் ஆரம்பிக்கிறது. அமெரிக்காவிலிருந்து வந்த இந்த நோய் 1878-ல் பிரான்ஸில் தலைகாட்டி, சில ஆண்டுகளில் தோட்டங்களைத் தின்ன ஆரம்பித்தது. 1882-ல் போர்டோ பல்கலைக்கழகத்தின் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே, சேன் ஜூலியன் என்ற ஊரில் ஒரு தோட்டத்தை ஒட்டி நடந்துபோனபோது ஒரு விந்தையைக் கண்டார். உள்ளே கொடிகள் இலையுதிர்ந்து நின்றன. சாலையோர வரிசைகள் மட்டும் பச்சையாக இருந்தன. காரணம், வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்க, அருவருப்பான நீலப்பூச்சாக மயில்துத்தமும் சுண்ணாம்பும் அடித்து வைத்திருந்தார்கள். திருடனுக்கு வைத்தது நோய்க்கும் பலித்தது. 1885-ல் மில்லார்டே கலவையை முறைப்படி வெளியிட்டார். போர்டோவின் ஒயினை இந்தியாவில் பணக்காரர்கள் மட்டுமே சுவைத்தார்கள். அதன் மருந்து ஏழை விவசாயியின் கைக்கும் வந்தது.

அந்த ஒயினின் ரகசியம் கலப்பு. காபர்னே சோவின்யோன், மெர்லோ, காபர்னே ஃப்ரான் என்று மூன்று திராட்சைகள் முக்கியம்; பெத்தி வெர்தோவும் மால்பெக்கும் உப்புப் போடுகிற அளவுக்கு. மெர்லோ சீக்கிரம் பழுக்கும், ஈரக் களிமண்ணிலும் வளரும், ஒயினுக்குச் சதையும் மென்மையும் தரும். காபர்னே தாமதமாகப் பழுக்கும், கூழாங்கல் நிலம் கேட்கும், எலும்பைத் தரும். அட்லாண்டிக் கடலோர வானிலையை நம்ப முடியாது. செப்டம்பரில் மழை அடித்தால் காபர்னே கெடும், வசந்தத்தில் உறைபனி விழுந்தால் முந்தித் துளிர்க்கும் மெர்லோ கருகும். ஒன்று போனாலும் மற்றொன்று நிற்கும் என்ற விவசாயக் கணக்குதான் பிற்பாடு ருசியின் இலக்கணமாகிவிட்டது. நம் ஊரில் சோளத்தோடு துவரை விதைப்பதும் அதே கணக்குதான். துவரையை யாரும் பிரபுக்களின் பானமாக்கவில்லை, அவ்வளவே.

ருசியைச் சொல்ல ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். தமிழில் ஒரே சொல் போதும்: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றுக்கு நாம் இடம் ஒதுக்கி வைத்திருக்கிறோம். அந்த இடத்தில் உட்காரும் ஒயின் இது. நாவல்பழம் தின்றபின் நாக்கு இழுத்துப் பிடிக்குமே, அந்தப் பிடிப்பு. கொட்டைப்பாக்கை மெல்ல ஆரம்பித்த முதல் கணம் போன்ற ஒரு வறட்சி. 225 லிட்டர் ஓக் மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் கிடந்ததால் வரும் மரப்பெட்டி வாசம். பத்தாண்டு, இருபதாண்டு பாட்டிலில் படுக்கவைத்தால் துவர்ப்பு தணியும். ஒயின் கெடாமல் நிற்பதற்கும் அந்தத் துவர்ப்பே காவல்.

இந்தியாவில் இந்த வழியில் நடக்க முயன்றவர்கள் உண்டு. பெங்களூருக்கு வடக்கே நந்தி மலை அடிவாரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் க்ரோவர் நிறுவனம், இன்றைய க்ரோவர் ஜம்பா, பிரெஞ்சுக் கொடிகளை வளர்த்தது. 1990களின் நடுவில் போர்டோ பகுதியின் பொமரோலைச் சேர்ந்த மிஷேல் ரோலானை ஆலோசகராக அழைத்தது. அவர்களின் 'லா ரிசர்வ்' காபர்னேயும் ஷிராஸும் கலந்த ஒயின். ஷிராஸ் போர்டோ திராட்சை இல்லையே என்று தூய்மைவாதிகள் முகம் சுளிக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் போர்டோ வணிகர்களே தங்கள் சரக்கு மெலிந்த ஆண்டுகளில் ரோன் பள்ளத்தாக்கின் அதே திராட்சையைக் கொண்டுவந்து கலந்தவர்கள்தான். நந்தி மலைக் கோப்பையில் நாவல்பழமும் மிளகும் பீப்பாயும் தெரிகின்றன. வெயிலும் தெரிகிறது.

கம்பம் பள்ளத்தாக்கால் அதைச் செய்ய முடியுமா? உயரம் சுமார் 400 மீட்டர்தான். பூமத்திய ரேகையிலிருந்து பத்துப் பாகைக்கும் குறைவான தூரம். போர்டோவில் கொடி நவம்பரில் இலை உதிர்த்து மார்ச் வரை தூங்கும். ஆண்டுக்கு ஒரு மகசூல். கம்பத்தில் கொடிக்குத் தூக்கம் கிடையாது. கவாத்து வெட்டினால் விழிக்கிறது, நாலு மாதத்தில் பழம். பறித்து முடித்துச் சிறிது ஓய்வு, மறுபடி கவாத்து. இப்படி இரண்டு ஆண்டில் ஐந்து மகசூல்கூட எடுக்கலாம். ஒரே ஊரில் ஒரு தோட்டத்தில் பூ, பக்கத்துத் தோட்டத்தில் காய், அதற்கடுத்து அறுவடை. சுற்றுலாப் பயணி எந்த மாதம் வந்தாலும் குலை தொங்குவதன் சூட்சுமம் இதுதான். ஆனால் காபர்னே போன்ற ஒயின் திராட்சைக்கு இந்த அவசரம் ஒத்துவராது. வெயிலில் சர்க்கரை முதலில் ஏறிவிடும். தோலும் விதையும் முதிர்வதற்குள் பறிக்க வேண்டியதாகிவிடும். இரவும் சூடாக இருந்தால் நிறம் பிடிக்காது, புளிப்பு நிற்காது. மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு இரண்டு கவாத்துச் செய்தும் ஒரே ஒரு மகசூல் எடுப்பது இதனால்தான்.

பள்ளத்தாக்கின் ராணி வேறொருத்தி. ஓடைப்பட்டிப் பக்கம் விதையில்லாத ரகம் உண்டென்றாலும், கம்பம் என்றால் பன்னீர் திராட்சை. தாவரவியல் பெயர்ப் பட்டியலில் மஸ்கட் ஹாம்பர்க். 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் இங்கே கொண்டுவந்தது என்ற வரலாறும் சேர்ந்தே வெளிவந்தது. ராயப்பன்பட்டி போன்ற பழைய கத்தோலிக்க ஊர்கள் உள்ள இடத்தில் பாதிரியார் கதை பொருத்தமானதுதான். சின்ன இடறல் ஒன்று: மஸ்கட் ஹாம்பர்க் என்ற ரகமே 1850 வாக்கில்தான் இங்கிலாந்தில், பெட்ஃபோர்ட்ஷயரில் ஒரு மாளிகையின் கண்ணாடிக் கூடத்தில், ஸீவர்ட் ஸ்னோ என்ற தோட்டக்காரரின் கையில் உருவானது. பாதிரியார் ஏதோ ஒரு திராட்சையைக் கொண்டுவந்திருக்கலாம். இந்தத் திராட்சை பின்னால்தான் வந்திருக்க முடியும். அதன் பெற்றோரில் ஒன்று பிளாக் ஹாம்பர்க். லண்டன் அருகே ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768-ல் நட்டு இன்றும் காய்க்கும் புகழ்பெற்ற கொடி அந்த இனத்தைச் சேர்ந்தது. மற்றது மஸ்கட் ஆஃப் அலெக்ஸாண்ட்ரியா, மத்தியதரைக் கடலின் பழைய மணத் திராட்சை.

பன்னீர் என்ற பெயர் சும்மா வரவில்லை. ரோஜாவுக்கு மணம் தரும் ஜெரானியால் போன்ற எண்ணெய்கள் மஸ்கட் குடும்பத்தின் பழத்திலும் உண்டு. வடக்கேயும் இதற்குக் 'குலாபி' என்றே பெயர். மூக்குக்கு மொழி வேறுபாடு இல்லை. பழத்தைக் கடித்தால் தோல் மெல்லியது, சாறு நிறைய, நடுவே விதை. நல்ல தின்பழத்துக்குரிய இந்தக் குணங்கள் எல்லாமே போர்டோ பாணி ஒயினுக்குக் குறைகள். அங்கே நிறமும் துவர்ப்பும் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருபவை. அதனால் சின்னப் பழம், தடித்த தோல் வேண்டும். சர்க்கரையும் அப்படியே. லிட்டருக்குச் சுமார் 17 கிராம் சர்க்கரை நொதித்தால் ஒரு சதவீத ஆல்கஹால். மேசை ஒயினுக்கு 12, 13 சதவீதம் வேண்டுமென்றால் சாற்றில் 210 கிராமுக்கு மேல் தேவை. சந்தைக்காகப் பறிக்கும் பன்னீரில் பெரும்பாலும் 160, 180. மிச்சத்தைச் சர்க்கரை மூட்டையிலிருந்துதான் சேர்க்க வேண்டும்.

அப்படிச் செய்த ஒயின் எப்படி இருக்கும்? கோப்பையில் ஊற்றினால் அடியில் விரல் தெரியும் வெளிர்ச் சிவப்பு. முகர்ந்தால் தென் மாவட்டத்துக்காரர் யாருக்கும் பன்னீர் சோடா நினைவுக்கு வரும். கூடவே கொஞ்சம் லிச்சிப்பழம். நாக்கில் முதலில் இனிப்பு, பின்னால் லேசான புளிப்பு, துவர்ப்பு என்று சொல்ல ஒன்றுமில்லை. போர்டோவைத் தேடி வந்தவர் கோப்பையைக் கீழே வைத்துவிடுவார். சாப்பாட்டுக்குப் பிறகு குளிரவைத்துச் சின்னக் கிளாஸில் கொடுத்தால், அதே ஆள் இன்னொன்று கேட்கவும் கூடும்.

இந்தத் திராட்சையின் உறவினர்கள் வேறிடங்களில் கௌரவமாகவே வாழ்கிறார்கள். கலிஃபோர்னியாவின் மடேராவில் குவேடி என்ற ஆலை, பிளாக் மஸ்கட் என்று அங்கே அழைக்கப்படும் இதே ரகத்தில் 'எலிஸியம்' என்ற இனிப்பு ஒயினைச் செய்து, அதன் ரோஜா வாசத்தையே சொல்லி விற்கிறது. கிரீஸின் தெஸ்ஸாலியில் தீர்னவோஸ் என்ற ஊர் இந்தப் பழத்தில் ஒயினும் செய்கிறது, 'சிபுரோ' என்ற சாராயமும் வடிக்கிறது. சீனாவில் தியான்ஜின் நகரத்து ஒயின் தொழில் 1980களில் இதை நம்பித்தான் எழுந்தது. அவர்களில் யாரும் இந்தப் பழத்தைக் காபர்னேயாக மாற்றப் பார்க்கவில்லை.

கம்பத்து விவசாயிக்கு இது வெறும் ருசி விவகாரம் இல்லை. பன்னீர் பறித்தால் இரண்டு மூன்று நாளுக்குள் தின்றாக வேண்டும். காம்பிலிருந்து உதிரும், தோல் வெடிக்கும். வியாபாரி தோட்டத்துக்கே வந்து, குலையைத் தூக்கிப் பார்த்து, விலை சொல்கிறார். பிடிக்காவிட்டால் அடுத்த வாரம் பார்க்கலாம் என்று சொல்ல விவசாயியால் முடியாது, பழம் காத்திருக்காது. மகாராஷ்டிரத்தின் விதையில்லாத் திராட்சை இறங்கும் மாதங்களிலும், பின்னாலேயே மாம்பழம் வரும்போதும் விலை சரிகிறது. பறிக்கும் நாளில் ஒரு மழை அடித்தால் அந்த விலையும் இல்லை. 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு கிளர்ச்சியில் குமுளி எல்லை அடைபட்டது. கேரளத்துக்கு ஏறும் சரக்கு நின்றது, அதுவும் கிறிஸ்துமஸ் மாதத்தில். 2020-ல் ஊரடங்கு வந்தபோது பழம் பந்தலிலேயே அழுகியது.

இந்த ஆபத்துக்கெல்லாம் ஒயின் ஒரு பதில். ஒரு டன் திராட்சை 600, 700 லிட்டர் ஒயினாகும்; பாட்டிலில் அடைத்தது இரண்டு நாளில் உதிராது. வெடித்த பழம், உதிர்ந்த பழம் சாராயத்துக்குப் போகலாம், தீர்னவோஸில் போல. ஆனைமலையன்பட்டியில் தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்தின் திராட்சை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பள்ளத்தாக்கின் பெயரைத் தாங்கிய ஒரு ஒயின் நிறுவனமும் தேனி மாவட்டத்தில் உண்டு. முட்டுக்கட்டை விற்பனையில். 2003 நவம்பரிலிருந்து மாநிலத்தில் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் கையில். கம்பி வலைக்குப் பின்னால் குவார்ட்டர் பிராந்தி வாங்க நிற்கும் வரிசையில், பன்னீர் ஒயினின் வாசத்தை யார் யாருக்கு விளக்குவது? அந்தப் பிராந்தியும் ஒரு வேடிக்கை. பிராந்தி என்றால் திராட்சை ஒயினைக் காய்ச்சி வடிப்பது என்பதுதான் உலக வழக்கு. தமிழ்நாடு விரும்பிக் குடிக்கும் பிராந்தியோ பெரும்பாலும் கரும்பாலைக் கழிவுப்பாகின் ஸ்பிரிட்.

நாசிக் வேறு வழியில் போனது. 2001-ல் மகாராஷ்டிரம் ஒயின் ஆலைகளுக்கு வரிச் சலுகையோடு ஒரு கொள்கை வகுத்தது. சூலா நிறுவனம் 2005-ல் தோட்டத்திலேயே சுவைக்கும் கூடம் திறந்தது. 2007-ல் கர்நாடகமும் தனிக் கொள்கை போட்டு, ஒயினைச் சாராயத்திலிருந்து பிரித்துப் பார்த்தது. வார இறுதியில் மும்பைக்காரர் நாசிக் போய்ச் செய்வதைத்தான் கொச்சிக்காரர் கம்பத்தில் செய்ய நினைக்கிறார். அவருக்குக் கிடைப்பது திராட்சைச் சாறு. மதுவுக்கு எதிரான குரல் ஓங்கி ஒலிக்கும் மாநிலத்தில், குடியால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ட பெண்கள் கடைகளை மூடச் சொல்லும் ஊர்களில், இன்னும் ஒரு குடிக்கூடத்துக்கு எந்த அரசும் அவசரப்படாது. அது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் வாரத்துக்கு ஒரு கோப்பை விற்கும் தோட்டத்தையும் பொழுதுக்கும் குவார்ட்டர் விற்கும் கடையையும் ஒரே விதியில் அடைத்ததில் நட்டம் தோட்டத்துக்கு மட்டுமே.

இதற்கிடையில் பன்னீர் திராட்சை மெய்யாகவே ஒயினாகும் இடம் மலைக்கு அந்தப் பக்கம். இடுக்கி, கோட்டயம் பக்கத்துக் கிறிஸ்தவ வீடுகளில் நவம்பர் பிறந்தால் பரணி இறங்குகிறது. ஊறுகாய் போடும் அதே பீங்கான் ஜாடி. கறுத்த திராட்சையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்து, கையால் பிசைந்து, சர்க்கரை சேர்த்து, கிராம்பு, பட்டை, ஏலக்காய், கொஞ்சம் ஈஸ்ட், ஒரு பிடி கோதுமை. வாயைத் துணியால் கட்டி, தினம் ஒருமுறை மரக்கரண்டியால் கிளறி, 21 நாள். வடிகட்டி மறுபடி 21 நாள். நிறம் போதாவிட்டால் சர்க்கரையைக் கருக்கி ஊற்றுவார்கள். போர்டோ பேராசிரியர் பார்த்தால் மயங்கி விழுவார். பிளம் கேக்கோடு அந்த ஒயினைக் குடித்தவர்களுக்கு வேறெதுவும் கிறிஸ்துமஸாகத் தோன்றாது.

சட்டம் அதையும் விடவில்லை. திருப்பலி ஒயினுக்குச் சபைகள் உரிமம் வைத்திருக்கின்றன. அடுக்களைக்கு உரிமம் இல்லை. 2019 டிசம்பரில், வீட்டில் ஒயின் செய்வதைச் செய்முறையோடு படம் பிடித்துப் போடுகிறார்கள் என்று கேரள எக்சைஸ் துறை எச்சரிக்க, பாட்டி காலத்திலிருந்து செய்வது குற்றமா என்று மாநிலமே சலசலத்தது.

2022-ல் கேரளம் சிறு ஒயின் ஆலைகளுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. திருச்சூர் வெள்ளானிக்கரையில் உள்ள கேரள வேளாண் பல்கலைக்கழகம் முதல் உரிமங்களில் ஒன்றைப் பெற்றது. அதன் ஒயினுக்கு 'நிளா' என்று பெயர். பாலக்காட்டுச் சமவெளியை நனைத்து ஒற்றப்பாலம், ஷொரணூர் வழியாகப் போகும் பாரதப்புழையின் செல்லப் பெயர் அது. எதில் செய்கிறார்கள்? அன்னாசி, வாழை, அப்புறம் முந்திரிப் பழம். தமிழ் முந்திரி; மலையாள முந்திரி அல்ல. விதிகளின் தலைப்பே 'கேரளத்தின் விளைபொருள்களிலிருந்து' என்று எல்லை கட்டிவிடுகிறது. பாலக்காட்டுக்குக் கிழக்கே கணவாயைத் தாண்டினால் தொண்டாமுத்தூர்ப் பக்கத்திலும் பன்னீர் திராட்சைதான், அதுவும் தமிழ்நாடு. இரண்டு கணவாயிலும் திராட்சை எல்லைக்கு இந்தப் பக்கம், ஒயின் ஆசை அந்தப் பக்கம்.

கம்பத்தின் கதையில் இது இன்னும் விசித்திரம். கொடிக்குப் பாயும் தண்ணீர் கேரள மலைகளில் பெய்த மழை. 1895-ல் பென்னிகுயிக் கட்டி முடித்த அணையிலிருந்து, மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக, மேற்கே ஓடவேண்டிய பெரியாறு கிழக்கே திரும்பி லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுத்துக்கொடுத்துவிட்டு இறங்குகிறது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லும், ஆற்றை ஒட்டிய கிணறுகளும் அதனால் பிழைக்கின்றன. லோயர் கேம்ப்பில் அவருக்கு 2013-ல் மணிமண்டபம் திறந்தது. இடுக்கியின் மழை தமிழ்நாட்டில் பழமாகி, மறுபடி இடுக்கி ஏறிப் பரணியில் நொதிக்கிறது. விதிப்புத்தகத்தில் அது கேரள விளைபொருள் ஆகாது.

பரணிக் கணக்கு எளிது. இரண்டு 21 நாளும் டிசம்பர் 25-க்குள் முடிய வேண்டுமென்றால், நவம்பர் 12, 13-க்குள் பழம் மலையேறியாக வேண்டும். தேனி மாவட்டத்தில் வடகிழக்குப் பருவமழை கொட்டுவதும் அந்த வாரங்களில்தான். கேட்கும் கை அதிகம் இருக்கும்போதுதான் செவட்டையும் அதிகம். நாலு நாள் விடாமல் தூறி, இலை ஈரம் காயாமல் இருந்தால் ஒரு தோட்டம் வாரத்தில் போய்விடும். புதுப் புது மருந்துகள் கடைக்கு வந்த பிறகும், மழை விட்ட இடைவெளியில் பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டை உருட்டிக்கொண்டு பந்தலுக்குள் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஒன்றில் சுண்ணாம்புப் பால், ஒன்றில் மயில்துத்தக் கரைசல். துத்தத்தைத்தான் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும், மாற்றி ஊற்றக் கூடாது. ஊற்றும்போது கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். வானநீலம் வந்ததும் பளபளப்பான கத்தி ஒன்றை முக்கி எடுத்துப் பார்ப்பார்கள். அலகில் செம்பு படிந்து சிவந்தால் போர்டோ இன்னும் சரியாகவில்லை, சுண்ணாம்பு இன்னும் கொஞ்சம் வேண்டும்.